மாதிரி விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு: கோளாற்றின் அறிகுறியிலிருந்து சரியான கார்பன் குழாய்க்கு

மாதிரி விமானத்தில் செர்வோ (ரேடியோ கட்டளைக்கேற்பத் தன் கையைத் திருப்பும் சிறு மோட்டார்) உடற்கூட்டின் நடுவிலும், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பரப்பு) ரட்டரும் (மூக்கை இடவலமாகத் திருப்பும் பரப்பு) வாலிலும் இருப்பதால், இவற்றை இணைக்கும் தண்டு பெரும்பாலும் அரை மீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது. செர்வோ எவ்வளவு நுட்பமாகத் திரும்பினாலும், நடுவே உள்ள தண்டு வளைந்து கொடுத்தால் அந்த நுட்பம் வால்வரை போய்ச் சேர்வதில்லை. எடை குறைந்து விறைப்பு மிகுந்த கார்பன் இழைக் குழாயை இந்த வேலைக்கு நாம் நாடுவது இதனால்தான். ஆனால் கார்பன் குழாய் போட்ட பின்னும் கோளாறு தொடர்வதுண்டு. அப்போது பெரும்பாலோர் அதைவிடப் பருமனான இன்னொரு குழாயை வாங்கிப் போடுகிறார்கள். சில வேளை அது பலிக்கிறது, பல வேளை பலிப்பதில்லை. ஏனென்றால் தண்டின் கோளாறுகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன: ஒன்று குழாயின் நடுப்பகுதி, மற்றொன்று அதன் முனைகள். நடுவில் பிறந்த குறைக்குக் குழாயை மாற்ற வேண்டும். முனையில் பிறந்த குறைக்கு எந்தக் குழாயும் மருந்தாகாது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

மின்சார விமானமாக இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இயக்கி, உடற்கூட்டின் மூடியைத் திறந்து வையுங்கள். ஒரு கையால் எலிவேட்டரின் பின்விளிம்பை மென்மையாக, ஆனால் நகராதபடி பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டிக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளுங்கள். செர்வோ கை திரும்புகிறது, எலிவேட்டர் அசையவில்லை என்றால், அந்த அசைவு இடையில் எங்கோ செலவாகிறது. தண்டைக் கூர்ந்து பாருங்கள். குழாய் வில்லாக வளைகிறதா, குழாய்க்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பி மட்டும் வளைகிறதா, தண்டின் முனையைக் கோக்கும் கவ்வியான கிளெவிஸின் ஊசி துளைக்குள் நகர்கிறதா, செர்வோவே தன் இருக்கையில் சாய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். ஸ்டிக்கை எதிர்ப்பக்கமும் இழுத்துப் பாருங்கள். தள்ளும்போது மட்டும் அசைவு தொலைந்து, இழுக்கும்போது தொலையவில்லை என்றால், குறை குழாயின் நடுவில் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே அளவு தொலைகிறது என்றால், குறை பெரும்பாலும் முனையில் இருக்கிறது. செர்வோவை இப்படி நெடுநேரம் திணறவிடக் கூடாது. இரண்டு மூன்று நொடிகளே போதும்.

அறிகுறி: மெதுவாகப் பறக்கும்போது சரியாக இருக்கிறது, வேகம் கூடினால் எலிவேட்டர் வலுவிழக்கிறது

குழாயின் நடுப்பகுதி வளைகிறது என்பதற்கு இதுவே தெளிவான அடையாளம். வேகம் இரட்டித்தால் கட்டுப்பாட்டுப் பரப்பின்மீது காற்று தரும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தாழ்ந்து பாய்ந்த விமானத்தை நிமிர்த்தும் கணத்தில்தான் தண்டின்மீது முழுச் சுமையும் ஏறுகிறது; தண்டு தோற்பதும் அப்போதுதான்.

இழுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. வெளிவிட்டம் 4 மி.மீ., உள்விட்டம் 3 மி.மீ. உள்ள 600 மி.மீ. நீளக் குழாயை 30 நியூட்டன் விசையால் இழுத்தால், அது 0.03 மி.மீ. அளவுகூட நீளாது. தொல்லையெல்லாம் தள்ளுவதில்தான். மெல்லிய நீண்ட தண்டை முனையில் அழுத்தினால், அது நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடுகிறது. எந்த விசையில் வளையும் என்பதை லியோன்ஹார்ட் ஆய்லர் 1744-இல் கணித்துக் காட்டினார். இரு முனைகளும் கீல்போல் திரும்பக்கூடிய நேரான தண்டுக்கு அந்த விசை, 9.87 என்ற எண்ணைப் பொருளின் மீள்மைக் குணகத்தாலும் (அதன் விறைப்பைக் காட்டும் எண்) குறுக்குவெட்டின் வளைவெதிர்ப்பாலும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். குழாயின் வளைவெதிர்ப்பு, வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து, 3.14-ஆல் பெருக்கி, 64-ஆல் வகுத்தால் வருவது.

இந்த வாய்ப்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விட்டம் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. நீளம் இரண்டாம் அடுக்கில் இறக்குகிறது. கார்பன் இழையின் குணகத்தைச் சதுர மி.மீ.க்கு 1,20,000 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டு, 600 மி.மீ. நீளத்துக்குக் கணக்கிட்டால் கிடைப்பவை இவை. 2 மி.மீ. கெட்டித் தண்டு 2.6 நியூட்டனில் வளைந்துவிடும், எடை 2.9 கிராம். வெளியே 3, உள்ளே 2 மி.மீ. உள்ள குழாய் 10.5 நியூட்டன் தாங்கும்; எடை 3.7 கிராம். 4-க்கு 3 குழாய் 28 நியூட்டன் தாங்கும். எடை 5 கிராம். 5-க்கு 4 குழாய் 60 நியூட்டன் தாங்கும், எடை 6.6 கிராம். ஒப்புக்கு 2 மி.மீ. எஃகுப் பியானோ கம்பியைப் பார்த்தால், அது ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளதாக இருந்தும் 4.3 நியூட்டனுக்கு மேல் தாங்குவதில்லை. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் சில கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேறுபாட்டின் பயன் நன்றாகப் புரியும்.

இனி உங்கள் செர்வோவைப் பாருங்கள். 3 கிலோ செ.மீ. முறுக்குவிசை உள்ள செர்வோ, 10 மி.மீ. நீளக் கையால் ஏறத்தாழ 29 நியூட்டன் தள்ள வல்லது. 600 மி.மீ. நீளத்தில் 4-க்கு 3 குழாய் தாங்குவது 28 நியூட்டன். கணக்கில் கிட்டத்தட்டச் சமமாகத் தெரிந்தாலும், நடைமுறையில் இது போதாது. எந்தக் குழாயும் முழுக்க நேராக இருப்பதில்லை. முனைக் கம்பியும் அச்சுக்கு நடுவே சரியாக அமைவதில்லை. ஆய்லரின் எண்ணைத் தொடுவதற்கு வெகு முன்பே வளைவு தொடங்கிவிடுகிறது. செர்வோ தள்ளக்கூடிய உச்ச விசையைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து; வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு மூன்று மடங்கு. மேற்சொன்ன செர்வோவுக்கு 600 மி.மீ. நீளத்தில் 5-க்கு 4 குழாய் பொருந்தும்.

குழாயை மாற்றாமலே தீர்க்கும் வழியும் உண்டு. நடுவில் ஒரே ஒரு தாங்கி வைத்துத் தண்டு பக்கவாட்டில் விலகாமல் தடுத்தால், வளையும் நீளம் பாதியாகிறது. தாங்கும் விசை நான்கு மடங்காகிறது. 3-க்கு 2 குழாய் அப்போது 42 நியூட்டன் தாங்கும். உடற்கூட்டின் குறுக்குச் சட்டம் ஒன்றில் நைலான் குழல் துண்டு ஒன்றை ஒட்டி, தண்டை அதன் வழியே செலுத்தினாலே போதும். குழலுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளி 1 மி.மீ. என்றால் அதைத் தாங்கி என்று சொல்ல முடியாது.

இன்னொரு யோசனையும் கட்டும்போதே கருதத்தக்கது. ஹார்னை, அதாவது தண்டு வந்து மாட்டும் சிறு நெம்புகோலை, எலிவேட்டரின் மேற்பக்கம் வைத்தால், மூக்கை உயர்த்தும் அசைவு இழுப்பாக வரும். பாய்ச்சலிலிருந்து நிமிரும்போது விழும் பெருஞ்சுமை முழுவதும் இழுப்பாகிவிடுவதால், குழாய் வளையும் பேச்சுக்கே இடமில்லை. ஹார்ன் கீழே இருப்பதே பார்வைக்கு அழகு என்று எண்ணுவோர் உண்டு. நான் மேலே வைப்பதையே விரும்புகிறேன்.

அறிகுறி: கணக்குப்படி சரியான அளவில் வாங்கியும் குழாய் வளைகிறது

அப்படியானால் கையில் இருப்பது நீங்கள் நினைக்கும் பொருள்தானா என்று பாருங்கள். கறுப்பு நிறம் ஏற்றிய கண்ணாடி இழைக் குழாயும், உள்ளே கண்ணாடி இழையும் மேலே ஒரு சுற்றுக் கார்பன் துணியும் கொண்ட குழாயும் கண்ணுக்குக் கார்பன் போலவே தோன்றும். நீளவாக்கில் அமைந்த கண்ணாடி இழையின் விறைப்பு, கார்பனின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, கார்பன் கடத்தும். குழாயின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பிசினை நீக்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஊசிகளை அங்கே அழுத்திப் பாருங்கள். எண் எதுவும் காட்டவில்லை என்றால் அது கார்பன் அன்று.

எண் காட்டினாலும் கலப்பு இருக்கலாம் என்பதால், எடைத் தொங்கல் சோதனையே உறுதியானது. 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் குழாயைக் கிடத்தி, நடுவில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். நல்ல 4-க்கு 3 கார்பன் குழாய் 2.5 மி.மீ. அளவுக்குத் தாழும். அதே அளவுள்ள கண்ணாடி இழைக் குழாய் 7 மி.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். குழாயை 90 பாகை உருட்டி மீண்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டு அளவுகளும் கண்ணில் படும்படி வேறுபட்டால் உள்துளை நடுவில் இல்லை, ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குழாய் எப்போதும் தன் மெலிந்த பக்கமே வளையும். கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டி, அடியில் ஒளி கசிகிறதா என்று பார்த்து, குழாய் நேராக இருக்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: ஸ்டிக்கை விட்டால் எலிவேட்டர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது

குழாயைத் தொடாதீர்கள். இது முனையின் கோளாறு. 1.5 மி.மீ. துளையில் 1.2 மி.மீ. கம்பியைப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் ஹார்னின் துளை கீலிலிருந்து 12 மி.மீ. தொலைவிலும், எலிவேட்டரின் பின்விளிம்பு 50 மி.மீ. தொலைவிலும் இருந்தால், அந்த 0.3 மி.மீ. பின்விளிம்பில் 1.25 மி.மீ. ஆகப் பெருகி நிற்கிறது. விமானம் ஒரே உயரத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்குவதற்கு இதுவே போதும்.

துளையைக் கம்பிக்குத் தக்கபடி சிறிதாக்குங்கள். பெரிதாகிவிட்ட துளை என்றால் ஹார்னையே மாற்றுங்கள். பால் லிங்க் (குண்டுமூட்டு இணைப்பு) போட்டால் இந்த ஆட்டம் பெருமளவு மறையும். தண்டு எட்டும் ஹார்ன் துளையைக் கீலிலிருந்து சற்றுத் தொலைவாகவும், செர்வோ கையின் துளையை அதே விகிதத்தில் தொலைவாகவும் மாற்றினால், அசைவின் அளவு மாறாமல் ஆட்டத்தின் விளைவு மட்டும் குறையும்.

குழாய் முனைக்கு வெளியே நீட்டியிருக்கும் எஃகுக் கம்பியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். விலையுயர்ந்த குழாயைப் போட்டுவிட்டு, அதன் முனையில் 80, 100 மி.மீ. நீளத்துக்கு வெறுங்கம்பியை நீட்டி, ஹார்னைத் தொடுவதற்காக அதை ஏணிப்படிபோல் மடக்கியும் விட்டிருப்பார்கள். அந்த மடிப்பு ஒரு வில்சுருள் செய்யும் வேலையைச் செய்கிறது: கம்பியின் அச்சு 5 மி.மீ. விலகியிருந்தாலே, 30 நியூட்டன் விசையில் 1.2 மி.மீ. கம்பி கண்ணால் காணும்படி வளைந்து கொடுக்கும். கம்பி நேராகவும், 30 மி.மீ.க்கு மிகாமலும் இருக்கும்படி குழாயை நீட்டிக்கொள்ளுங்கள். மடிக்கத்தான் வேண்டும் என்றால் கம்பியின் பருமனைக் கூட்டுங்கள்.

அறிகுறி: குழாயின் முனை நீளவாக்கில் பிளக்கிறது

கார்பன் குழாய்கள் செய்யப்படும் முறை இங்கே முக்கியமாகிறது. விலை குறைந்த குழாய்களில் பெரும்பாலானவை, பிசினில் தோய்ந்த இழைக் கற்றையைச் சூடான அச்சின் வழியே இழுத்து வார்க்கப்பட்டவை. அவற்றில் எல்லா இழைகளும் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. ஆனால் சுற்றளவுத் திசையில் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பிசின்தான்; ஆகவே மூங்கில் பிளப்பதுபோல் அது பிளக்கும். இன்னொரு வகை, இழைத்தாளை உருளையின்மேல் பல கோணங்களில் சுற்றி வேகவைத்துச் செய்வது. இது பிளவைத் தாங்கும், விலை கூடுதல், சாய்வு இழைகள் உள்ளதால் அதே அளவில் நீளவாக்கு விறைப்பு சற்றுக் குறையும். கட்டுப்பாட்டுத் தண்டுக்கு இழுத்து வார்த்த குழாயே போதும், முனையை மட்டும் காப்பாற்றினால்.

என் கிளைடர் ஒன்றில், ஒரே பறப்பில் இரண்டு முறை எலிவேட்டர் டிரிம்மை (ஸ்டிக் நடுவில் இருக்கும்போது எலிவேட்டர் நிற்கும் நிலையை) மாற்ற வேண்டி வந்தது. இறக்கியபின் கிளெவிஸ், ஹார்ன், செர்வோ எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் ஆட்டம் இல்லை. விளக்கின் அடியில் குழாயின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கை முனையைச் சுற்றி மெதுவாக உருவினேன். ஓரிடத்தில் பஞ்சின் நூலிழை ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. அங்கே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துளி விட்டுத் துடைத்ததும், சுற்றியுள்ள பரப்பு உலர்ந்துவிட, மயிரிழை போன்ற ஒரு கோடு மட்டும் ஈரமாக, 12 மி.மீ. நீளத்துக்குக் கறுத்து நின்றது. நகத்தை அதில் வைத்து அழுத்தினால் அது திறந்தது, விட்டால் மூடியது. கிளெவிஸை மாட்டுவதற்காக உள்ளே ஒட்டியிருந்த மரைக்கம்பி, தள்ளும்போது ஓரிடத்திலும் இழுக்கும்போது வேறிடத்திலும் நின்றிருக்கிறது.

பிளவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. குழாயை வெட்டுக்குறடால் நறுக்கியிருப்பார்கள். குறடு இழைகளை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. அல்லது, இறுக்கமான மரைக்கம்பியை உள்ளே அடித்து இறக்கியிருப்பார்கள். அல்லது, எபாக்ஸி நிறைந்த குழாய்க்குள் கம்பியை வேகமாகச் செருகியதில் சிறைப்பட்ட காற்று சுவரை நெருக்கியிருக்கும். வெட்டும் இடத்தில் ஒட்டுத்தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்லிய தேய்ப்புச் சக்கரத்தாலோ நுண்பல் ரம்பத்தாலோ, குழாயைச் சுழற்றிக்கொண்டே சுற்றிலும் கீறி வெட்டுங்கள். கார்பன் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. வெட்டுமிடத்தை நனைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும். கம்பி உள்ளே தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். எபாக்ஸி பரவ 0.1 மி.மீ. அளவு இடைவெளி நல்லது. கம்பி முடியும் இடத்துக்குச் சற்று அப்பால், சுவரில் ஒரு சிறு துளையிட்டால் காற்று வெளியேறும்.

ஒட்டியபின், முனையின் வெளிப்புறத்தில் 10 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய கெவ்லார் நூலையோ பருத்தி நூலையோ சுற்றுக்குச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, நீர்த்த சூப்பர் க்ளூவால் நனைத்துவிடுங்கள். குழாயில் இல்லாத சுற்றுவாக்கு இழையை நாமே சேர்ப்பதுதான் இது. பத்து நிமிட வேலை. எடை அரை கிராமுக்கும் குறைவு. ஏற்கெனவே பிளந்த முனையை இப்படிக் கட்டித் திரும்பப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. பிளவு முடியும் இடத்துக்கு 20 மி.மீ. அப்பால் வெட்டி எறிந்துவிட்டு, நீளம் போதவில்லை என்றால் புதுக் குழாயே போடுங்கள்.

அறிகுறி: மரைக்கம்பி குழாயை விட்டு உருவிக்கொண்டு வருகிறது

2 மி.மீ. கம்பி 15 மி.மீ. ஆழம் செருகப்பட்டிருந்தால் ஒட்டும் பரப்பு 94 சதுர மி.மீ. அதன்மீது 30 நியூட்டன் இழுப்பு விழுந்தால், சதுர மி.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு நியூட்டன்கூட ஆகாது. எந்த எபாக்ஸியும் இதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆகவே கம்பி உருவி வந்தது என்றால், பசை வலுவற்றது என்று கொள்ளாதீர்கள். அது ஒட்டவே இல்லை என்று கொள்ளுங்கள். வெளியே வந்த கம்பியைப் பாருங்கள். கம்பியின்மேல் எபாக்ஸி உறையாகப் படிந்து வந்திருந்தால் குழாயின் உட்சுவர் சுத்தமாக இல்லை. கம்பி பளபளவென்று வெறுமையாக வந்திருந்தால் கம்பியின் பரப்பு சுத்தமாக இல்லை.

குழாயின் உட்சுவரில் அச்சிலிருந்து விடுபட உதவும் மெழுகுப் பொருள் தங்கியிருக்கும். உப்புத்தாளை மெல்லச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுக்கு வராத வரை துடைக்க வேண்டும். கம்பியின் பரப்பையும் அரத்தால் கீறி, அதேபோல் துடைத்தபின் விரலால் தொடாதீர்கள். ஐந்து நிமிட எபாக்ஸியைவிட மெதுவாக இறுகும் எபாக்ஸி இங்கே மேலானது: பரவ நேரம் கிடைக்கிறது, வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும் என்பதால், வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் விமானத்தை விட்டுவைத்த பின், தண்டின் முனைகளை இழுத்துப் பார்க்காமல் பறக்க வேண்டாம். சூப்பர் க்ளூ மட்டும் வைத்து ஒட்டிய கம்பியை நான் நம்புவதில்லை. அது அதிர்வில் நொறுங்கும் இயல்புடையது.

அறிகுறி: காலையில் சரிசெய்த டிரிம் நண்பகலில் மாறிவிடுகிறது

பலரைக் குழப்பும் அறிகுறி இது. ஏனென்றால் கார்பன் இழை நீளவாக்கில் வெப்பத்தால் ஏறக்குறைய நீள்வதே இல்லை. தண்டு நீளாதபோது டிரிம் ஏன் மாற வேண்டும்? விடை தண்டுக்கு வெளியே இருக்கிறது. ஃபோம் உடற்கூடு நீள்கிறது. 600 மி.மீ. நீள ஃபோம் உடற்கூடு 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளும். வால் பின்னே போகிறது, தண்டு அதே நீளத்தில் நிற்கிறது. ஆகவே ஹார்ன் முன்னோக்கி இழுக்கப்பட்டதுபோல் ஆகிறது. 12 மி.மீ. ஹார்னில் இது கிட்டத்தட்ட 4 பாகை. ஹார்ன் கீழே இருந்தால் எலிவேட்டர் தாழும், மேலே இருந்தால் உயரும். உங்கள் விமானத்தில் டிரிம் மாறும் திசை இதோடு ஒத்திருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

இதற்குத் தீர்வு இன்னும் நல்ல கார்பன் குழாய் அன்று. செர்வோவை வாலுக்கு அருகில் நகர்த்தித் தண்டைக் குறுக்குவதே சரியான தீர்வு. எடைச் சமநிலை அதற்கு இடம் தரவில்லை என்றால், உடற்கூட்டின் நீளவாக்கில் ஒரு கார்பன் பட்டையைப் பதித்து ஒட்டி, கூடு நீள்வதையே கட்டுப்படுத்தலாம். பால்சா மரக் கூட்டில் நிலைமை நேர் எதிரானது. மரம் இழைவாக்கில் மிகக் குறைவாகவே நீள்வதால் அங்கே கார்பன் தண்டு அருமையாகப் பொருந்தும். நைலான் தண்டு போட்டிருந்தால் அதுதான் குற்றவாளி, ஏனென்றால் அதே நீளத்தில் அதே வெப்பத்துக்கு நைலான் ஏறத்தாழ 1 மி.மீ. நீள்கிறது, ஈரத்தை உறிஞ்சியும் நீள்கிறது. தண்டுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் டிரிம்மைக் கெடுக்கிறது என்பதால், கூட்டின் பொருளைப் பார்த்தே தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: ஸ்டிக் நடுவில் இருக்கும்போதும் செர்வோ முனகுகிறது, பேட்டரி விரைவில் தீர்கிறது

தண்டு எங்கோ உரசுகிறது. செர்வோ முனையைக் கழற்றி, தண்டை இரண்டு விரல்களால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பரப்பு தன் எடையாலேயே தாழும் அளவுக்கு அது தளர்வாக ஓட வேண்டும். குறுக்குச் சட்டங்களின் துளைகளை விளக்கடித்துப் பாருங்கள். உரசும் இடத்தில், மரத்தின்மேல் பென்சில் கரி தேய்த்ததுபோல் ஒரு கறுப்புப் பிறை படிந்திருக்கும். அது குழாயின் தேய்மானத் தூள். குழாயிலும் அதே இடத்தில் பளபளப்பு போய் மங்கியிருக்கும்.

நைலான் குழலை வளைத்து, அதன் வழியே கார்பன் குழாயைச் செலுத்தியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். வளைவான வழிக்கு வளையக்கூடிய நைலான் தண்டுதான் ஏற்றது. கார்பன் குழாய் நேராக நிமிரவே முயன்று, குழலின் சுவரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். நேர்வழி கிடைக்காத கூட்டில் கார்பன் குழாயைத் திணிப்பது வீண்.

அறிகுறி: பறக்கும்போது வாலிலிருந்து ரீங்காரம் கேட்கிறது

உடனே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மென்மையாக உயர்த்தி வேகத்தைக் குறையுங்கள். இறக்கியபின் காரணம் தெரியும்வரை மறுபடி பறக்காதீர்கள். காற்றில் பரப்பு படபடக்கத் தொடங்கினால் சில நொடிகளில் கீல்களும் செர்வோவின் பற்சக்கரங்களும் சிதைந்துவிடலாம். மேலே சொன்ன ஆட்டம், வளைவு, பிளவு மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். கீலின் இடைவெளியையும், செர்வோவின் திருகுகளையும், பற்சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள். படபடப்பு நேர்ந்த பின் தண்டு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் முனைகளைப் பஞ்சால் உருவிப் பாருங்கள்.

அறிகுறி: முனையில் வெள்ளைப் பொடி அல்லது துரு

கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரத்தில் அதைத் தொட்டிருக்கும் அலுமினியம் விரைவாக அரிக்கிறது. சாதாரண எஃகும் துருவேறுகிறது. நீர்நிலையில் இறங்கும் விமானங்களில் இதை அடிக்கடி காணலாம். துருப்பிடிக்கா எஃகோ டைட்டானியமோ போட்டால் தொல்லை இல்லை. அலுமினியம்தான் இருக்கிறது என்றால், அது கார்பனை எங்கும் நேரடியாகத் தொடாதபடி எபாக்ஸி உறை முழுமையாக இருக்க வேண்டும்.

அறிகுறி: கார்பன் தண்டு போட்டபின் ரேடியோ தொடர்பு விட்டுவிட்டு அறுகிறது

கார்பன் குழாய் ரேடியோ அலைகளை மறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் ஆன்டெனாவாக வேலை செய்வது, கம்பியின் நுனியில் உறை நீக்கப்பட்ட ஏறத்தாழ 31 மி.மீ. பகுதிதான். அந்தப் பகுதி தண்டுகளுக்கு இணையாகவோ, அவற்றை ஒட்டியோ கிடக்கக் கூடாது. இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், ஒன்றுக்கொன்று 90 பாகையில், இரண்டும் தண்டுகளிலிருந்து விலகி நிற்கும்படி அமையுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனில் இயங்கும் சோதனை நிலையில் வைத்து, கையேட்டில் சொன்ன தொலைவுக்கு நடந்து செல்லுங்கள். உதவிக்கு ஒருவரை நிறுத்தி, விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். விமானத்தின் வால் உங்களை நோக்கியிருக்கும்போது, அதாவது தண்டுகள் ரிசீவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும்போது, எலிவேட்டர் தடையின்றி அசைகிறதா என்பதை அவர் பார்த்துச் சொன்ன பிறகே மூடியை மூடுங்கள்.